விலை குறைஞ்சதாலதான் ஜனங்க நெட்டுக்கு வந்தாங்களா? (சேலம், ஏற்காடு பக்கம்)

ஐந்துரோடு | 2025 நவம்பர் 2, ஞாயிறு, காலை 10.40

சேலத்துலயும் மேல ஏற்காட்டுச் சுத்துப்பட்டுலயும் ஜனங்க செல்போன்ல நெட் போட ஆரம்பிச்சதுக்கு விலை குறைஞ்சதுதான் காரணம், வேற எதுவும் இல்லைங்கிறது என் கட்சி. 2016 செப்டம்பர் 5ல ஜியோ வந்துச்சு. அதுக்கு முன்னாடி 1 ஜிபி 250 ரூபாயைச் சுத்தி. பின்னாடி ஏறக்குறைய அதே காசுக்கு மாசம் பூரா தினம் ஒரு ஜிபி. 2017ல 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு ஜியோபோன். இன்னைக்கும் நெட் இல்லாதவங்க யாருன்னு பார்த்தா டவர் எட்டாத ஊர்க்காரங்க. விலை, டவர், அவ்வளவுதான். மறுக்கறவங்க மறுக்கலாம்.

பத்துமணிபஸ் | நவம்பர் 2, காலை 11.05

மூணாவது காரணம்: சீரியல் நேரத்துல கரண்ட் கட். ஞாயித்துக்கிழமை காலைலயே சண்டையை இழுத்துவிட்டவருக்கு ஒரு தட்டுவடை செட் பார்சல்.

செல்கடை | நவம்பர் 2, பகல் 12.20

விலை மட்டும்தான்னா 2017லயே எல்லாரும் வந்திருக்கணுமே, ஏன் வரலைங்க?

கவுண்டருக்கு வர்றவங்க நெட் வேணும்னு கேக்கறதே இல்லை. ஒரு வேலையைச் சொல்லித்தான் கேப்பாங்க. 2020ல "புள்ளைக்கு ஆன்லைன் கிளாஸு". அப்புறம் "பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப்புல வீட்டுப்பாடம் போடறாங்களாம்". "சம்பளத்தை ஜிபேல போடறேங்கறாரு முதலாளி". "நூறு நாள் வேலைக்கு மேட்டா (வேலையிடத்துல ஆளுங்களைக் கவனிக்கறவங்க) போட்டிருக்காங்க, போட்டோ புடிக்கணுமாம்". "பேத்தியை வீடியோல காட்டறேங்கறா மருமக". கவனிச்சுப் பாருங்க, ஒண்ணுலகூட போன் வாங்கறவங்க முடிவு பண்ணலை. பள்ளிக்கூடம், முதலாளி, ஊராட்சி, மருமக, இவங்கதான் முடிவு பண்றாங்க. எதிர்ப்பக்கம் இருக்கறவங்க நெட்டுக்குப் போயிட்டா இந்தப் பக்கமும் போய்த்தான் ஆகணும். விலை குறைஞ்சதால அந்த இழுப்புக்கு மறுப்புச் சொல்ல முடியாமப் போச்சு, அவ்வளவுதான்.

வேலை எதுன்னு தெரிஞ்சா எந்த போன்னும் சொல்லிடலாம். மேட் வேலைக்கு ஜிபிஎஸ் ஒழுங்காப் புடிக்கணும், ரேம் 4 ஜிபிக்குக் கொறையக் கூடாது. பள்ளிக்கூட குரூப்புக்கு ஸ்டோரேஜ் முக்கியம். 32 ஜிபி போன் ஒரே வருசத்துல குட்மார்னிங் படத்துலயே ரொம்பிடும். ரொம்பினா வாட்ஸ்அப்ல படம் இறங்காது, யூபிஐ ஆப் அப்டேட் ஆகாது, "போன் கெட்டுப்போச்சு"ன்னு எடுத்துட்டு வருவாங்க. போன் கெடலைங்க. வாட்ஸ்அப் அமைப்புகள்ல சேமிப்பகமும் தரவும்னு இருக்கும். அதுக்குள்ள தானா இறங்கறதைப் படம், ஆடியோ, வீடியோ மூணுக்கும் நிறுத்துங்க. அதே பக்கத்துல "சேமிப்பகத்தை நிர்வகி"ல 5 எம்பிக்கு மேலானதை மட்டும் தேர்ந்தெடுத்து அழிங்க. பாதி இடம் திரும்பிடும்.

டவர்க்காரன் | நவம்பர் 2, இரவு 9.15

"டவர் எட்டாத ஊர்க்காரர்" என்ற வாதம் எண்ணிக்கையில் நிற்காது. மொபைல் கம்பெனிகளின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ வெளியிட்ட கணக்குப்படி 2023 முடிவில் உலக மக்களில் 57% பேர் மொபைல் நெட் பயன்படுத்தினார்கள். சிக்னலே இல்லாத இடத்தில் இருந்தவர்கள் 4%. மீதி 39% பேர் சிக்னலுக்குள் இருந்துகொண்டே பயன்படுத்தாதவர்கள். டவர் இல்லாதவர்களைப்போலப் பத்து மடங்கு.

நம் நாட்டிலும் இடைவெளி ஊருக்கு ஊர் மட்டும் இல்லை, ஒரே வீட்டுக்குள்ளும் இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21) எப்போதாவது இணையம் பயன்படுத்திய ஆண்கள் 57.1%, பெண்கள் 33.3%. ஒரே கூரை, ஒரே டவர், ஒரே ரீசார்ஜ் விலை. ஐந்துரோடு சார், இதை விலையை வைத்து எப்படி விளக்குவீர்கள்?

மலைப்பகுதிக்கு மட்டும் ஒரு திருத்தம். அங்கே "சிக்னல் உண்டு, இல்லை" என்று இரண்டாகப் பிரிக்க முடியாது. கோடு தெரியும், நெட் ஓடாது என்ற மூன்றாவது நிலைதான் அதிகம். கணக்கெடுக்கும்போது அது "உண்டு" பக்கத்தில் சேர்ந்துவிடுகிறது.

காப்பித்தோட்டம் | நவம்பர் 3, காலை 6.50

அந்த மூன்றாவது நிலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். ஏற்காட்டு லேடீஸ் சீட் மாதிரி மலை விளிம்பில் நின்றால் கோடு முழுசாக நிற்கிறது. கீழே சேலமே விரிந்து கிடக்கிறது. ஒரு படம் அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாகலூர், வாழவந்தி பக்கம் தோட்டத்துக்குள் இறங்கினால் ஒரே கோடு, ஆனால் குரல் பதிவு போய்ச் சேர்ந்துவிடுகிறது. இது எப்படி?

டவர்க்காரன் | நவம்பர் 3, இரவு 8.30

கோட்டை நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பது போன் கம்பெனி வைத்த கணக்கு, இரண்டு போன் ஒரே இடத்தில் வேறு வேறு காட்டும். அமைப்புகள், போனைப் பற்றி, சிம் நிலை என்று போனால் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் இருக்கும். பல ஆண்ட்ராய்டுகளில் டயலரில் *#*#4636#*#* அடித்தாலும் அந்தப் பக்கம் திறக்கும். 4ஜியில் மைனஸ் 85 நல்லது. மைனஸ் 105 வரை வேலை நடக்கும். மைனஸ் 115இல் பேச்சு உடையும். 120ஐத் தொட்டால் போன் சும்மா தேடிக்கொண்டிருக்கும், பேட்டரிதான் இறங்கும்.

இனி விளிம்பு விஷயம். சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500ஐச் சுற்றி. விளிம்பில் நிற்கும் போனுக்குக் கீழேயுள்ள பத்து இருபது டவர் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே வலிமையில் கேட்கும். கேட்கும் வலிமை நன்றாக இருப்பதால் கோடு நிறைகிறது. ஆனால் ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்கு இரைச்சல். இதை அளக்கும் எண் எஸ்ஐஎன்ஆர். 13க்கு மேல் சுகம், பூஜ்யத்துக்குக் கீழே போனால் கோடு எத்தனை இருந்தும் பயனில்லை. போதாததற்குப் போன் எந்த டவரைப் பிடிப்பது என்று மாறி மாறித் தாவும்.

இன்னொன்று, டவர் பத்துக் கணக்கான வாட்டில் பேசும், போன் அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்லும். டவர் சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது டவருக்குக் கேட்காது. அதனால்தான் செய்தி இறங்கும், படம் ஏறாது. விளிம்பில் மாட்டிக்கொண்டால் நாலு எட்டு பின்னால் வந்து, ஒரு கட்டடமோ பாறையோ சமவெளியை மறைக்கும்படி நில்லுங்கள். உள்ளூர் டவர் ஒன்று மட்டும் கேட்கும். கோடு குறையும், நெட் ஓடும். நீங்கள் தோட்டத்துக்குள் பார்ப்பது அதுதான்: பலவீனம், ஆனால் இரைச்சல் இல்லை.

தோட்டத்துக்கு வேறு தொல்லை உண்டு. சில்வர் ஓக் நிழல், அதில் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. நனைந்த இலை சிக்னலைக் குடிக்கும், அலைவரிசை கூடக் கூட அதிகமாகக் குடிக்கும். 2300 மெகாஹெர்ட்ஸுக்கும் 700க்கும் மரமே இல்லாவிட்டாலும் அதே தூரத்துக்குச் சிக்னல் வலிமையில் சுமார் 10 டிபி (டெசிபல்) வித்தியாசம். மரம் வந்தால் இன்னும் கூடும்.

செல்கடை | நவம்பர் 3, இரவு 10.05

டவர்க்காரண்ணா சொன்ன 700லதான் இப்ப ஒரு கூத்து. பிஎஸ்என்எல் 4ஜி 2025 செப்டம்பர் 27ல நாடு பூரா தொடங்கி வச்சாங்கல்ல, அது ஓடறது 700லயும் 2100லயும். 700க்கு போன்ல பேண்ட் 28 இருக்கணும். நாலஞ்சு வருசத்துக்கு முன்னாடி வித்த விலை கொறைஞ்ச மாடல் பலதுல அது கெடையாது. சிம் மாத்தியாச்சு, பக்கத்து வீட்டுல எடுக்குது, நம்ம போன்ல எடுக்கலைன்னா சிம்மைத் திட்டாதீங்க. மாடல் பேரைத் தேடி "பேண்ட் 28" இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா எந்த செட்டிங்ஸும் உதவாது. 2100க்கான பேண்ட் 1 எட்டற இடத்துல மட்டும் எடுக்கும்.

ஜியோபோன் பத்தி ஐந்துரோடு சார் சொன்னாரு. அதுல 2018 செப்டம்பர்ல வாட்ஸ்அப் வந்துச்சு. 2024 ஜூன்ல புதுசா இறக்கறதை நிறுத்தினாங்க, 2025 தொடக்கத்தோட இருந்ததும் போச்சு. ஆண்ட்ராய்டு 5க்குக் கீழ இருக்கற போனுக்கும் 2025 ஜனவரியோட வாட்ஸ்அப் கெடையாது. நெட்டுக்கு வந்தவங்க வந்தபடியே இருப்பாங்கன்னு ஆராய்ச்சில எழுதறாங்க. வந்து, வெளிய தள்ளப்பட்டவங்களும் இருக்காங்கங்க. அவங்க எந்தக் கணக்குல?

பத்துமணிபஸ் | நவம்பர் 3, இரவு 10.20

கடைக்காரர் கணக்குல. "புது போன் வாங்கிட்டாங்க"ன்னு.

இளம்பிள்ளைச்சேலை | நவம்பர் 4, மதியம் 2.45

எதிர்ப்பக்கம் இழுக்குதுன்னு சொன்னது எங்க தொழிலுக்கு அப்படியே பொருந்தும். இளம்பிள்ளைல தறி வச்சிருக்கறவங்க ஆசைப்பட்டு வாட்ஸ்அப்புக்கு வரலை. வீட்டுல இருந்து விக்கற பொம்பளைங்க, ரீசெல்லர்னு சொல்றோமே, அவங்க படம் கேட்டாங்க, வந்தோம். புதுசா இறங்கறவங்களுக்கு நாலு விசயம்.

படத்துல விலையும் போன் நம்பரும் எழுதாதீங்க. எழுதினா ரீசெல்லர் அதை அவங்க ஆளுங்களுக்கு அனுப்ப மாட்டாங்க, அவங்க லாபம் வெளிய தெரிஞ்சிடும். டிசைன் நம்பர் மட்டும் மூலைல சின்னதா. விலை தனி மெசேஜ்ல.

உடல், பார்டர், முந்தி, ஜாக்கெட் துணி, நாலையும் தனித்தனியா எடுங்க. டியூப்லைட்டுல எடுத்தா அரக்கு சிவப்பாயிடும், மயில் பச்சை நீலமாயிடும். சாமான் திரும்பி வர்றதுல பெரும்பங்கு இதனாலதான். காலை வெயில் நேரா அடிக்காத திண்ணைல வச்சு, சேலை பக்கத்துல ஒரு வெள்ளை வேட்டித் துண்டும் படத்துல விழற மாதிரி எடுத்தா நிறம் ஒத்து வரும். அனுப்பறப்ப எச்டின்னு இருக்கறதை அமுக்கலைன்னா ஜரிகை மொத்தமா ஒரு பட்டையாத் தெரியும்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரம்தான். உங்க நம்பரை அவங்க சேவ் பண்ணி, அவங்க நம்பரை நீங்களும் சேவ் பண்ணியிருந்தாத்தான் தெரியும். பிராட்காஸ்ட்டும் அப்படித்தான், சேவ் பண்ணாதவங்களுக்குப் போகவே போகாது, ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர். அதனால புது வாடிக்கைக்கு மொத மெசேஜே "நம்பரை சேவ் பண்ணிக்கங்க அக்கா".

பார்சல் பிரிக்கறப்ப ஒட்டின டேப்புல இருந்து விடாம வீடியோ எடுத்தாத்தான் திரும்ப வாங்குவோம்னு முன்னாடியே சொல்லிடணும். நடுவுல நிறுத்தி எடுத்த வீடியோ வழக்குக்கு ஆகாது.

ஐந்துரோடு | நவம்பர் 4, இரவு 9.40

சரி, இழுப்பு இருக்குன்னு ஒத்துக்கறேன். ஆனா அந்த இழுப்புக்குப் பின்னாடியும் காசு இருக்கே? பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 2007ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. வட கேரளத்துல 1997ல இருந்து 2001க்குள்ள செல்போன் வந்தப்ப, மத்தி மீன் பிடிக்கறவங்க கடல்ல இருந்தே எந்தக் கரைல என்ன விலைன்னு கேட்டு அங்க கொண்டு போனாங்க. வீணாப் போற மீன் நின்னுச்சு. மீனவர் லாபம் 8% கூடுச்சு, வாங்கறவங்களுக்கு விலை 4% குறைஞ்சுது. விலை தெரியறதுதானே பயன்? செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையும் அதுக்குத்தானே நெட்ல உக்காந்திருக்கு?

டவர்க்காரன் | நவம்பர் 4, இரவு 10.30

ஆய்வு சரி, உதாரணம் பொருந்தாது. அந்த மீனவர்கள் பயன்படுத்தியது வெறும் போன் கால். இணையமே இல்லை. நெட் வந்ததால் விலை தெரிந்தது என்று அதைக் காட்டிச் சொல்ல முடியாது. விலை கேட்க ஒரு நிமிடப் பேச்சு போதும், அதற்காக யாரும் ஸ்மார்ட்போன் வாங்க வேண்டியதில்லை.

ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989இல் சொன்னது இன்னும் பக்கமாக வரும்: ஒரு கருவியால் பயன் உண்டு என்ற எண்ணம், அது சுலபம் என்ற எண்ணம், இரண்டும் சேர்ந்தால் ஏற்பார்கள். அவர் கவனித்தது அலுவலகக் கணினிக்காரர்களை. நம் ஊரில் "சுலபம்" என்ற பாதி தனியாக நிற்பதில்லை. சுலபமாக்கித் தர வீட்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருக்கிறதா என்பதில் போய் நிற்கிறது.

கொலுசுப்பட்டறை | நவம்பர் 6, காலை 11.10

வெள்ளி விலையைப் பத்திக் கேட்டாங்க. விலை பாக்கறதுக்கு நெட் வேணும்தான், ஆனா நிஜமான வேலை விலையை உறுதி பண்றது. 2025 அக்டோபர்ல கிலோ 2 லட்சத்தைத் தாண்டிட்டு இறங்குச்சே, அந்த மாதிரி நாள்ல காலைல ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. எந்த நிமிசத்து விலைக்குப் பேசினோம்ங்கறது சண்டையா வரும்.

குரல் பதிவுல விலை பேசாதீங்க. தேடி எடுக்க முடியாது. எத்தனை கிலோ, எவ்வளவு டச் (வெள்ளியோட சுத்தம்), கிராம் என்ன விலைன்னு மூணையும் ஒரே வரில எண்ணா அடிங்க. எதிராளி அந்த வரியை இழுத்து அதுக்குக் கீழயே "சரி"ன்னு பதில் போடணும். தனியா "சரி"ன்னு போட்டா எதுக்குச் சரின்னு அப்புறம் கேப்பாங்க. அனுப்பினதை 15 நிமிசம் வரை திருத்தலாம், ரெண்டு நாள் சொச்சம் வரை ரெண்டு பக்கமும் அழிக்கலாம். அதனால உடனே ஸ்க்ரீன்ஷாட். கொலுசு படம் எடுக்கறப்ப தராசோட சேர்த்து, கிராம் எண் தெரியற மாதிரி எடுங்க. ஜோடியா வைங்க, ஒத்தைக் கொலுசு படம் அனுப்பினா எடை ஒத்தைக்கா ஜோடிக்கான்னு ஒரு சுத்துப் பேச்சு வரும்.

காப்பித்தோட்டம் | நவம்பர் 6, இரவு 7.30

மலையில் எது ஓடுகிறது என்று பார்த்தால் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். காப்பிப் பழம் பறிக்கும் காலம் இது. மேஸ்திரி எத்தனை ஆள், எந்தப் பட்டி, ஜீப் கிளம்பியாச்சா என்று எல்லாவற்றையும் குரல் பதிவில்தான் சொல்கிறார். எழுத்து இல்லை, அழைப்பும் இல்லை. அழைத்தால் பேச்சு நடுவில் அறும். குரல் பதிவு காத்திருந்து, சிக்னல் வந்த நிமிடம் தானே போய்விடும். விலையைப் படமாக அனுப்புகிறார்கள்: 50 கிலோ மூட்டை அராபிக்கா பார்ச்மென்ட் (மேல்தோல் நீக்கிக் காயவைத்த காப்பிக்கொட்டை) இவ்வளவு, மிளகு கிலோ இவ்வளவு. வீடியோ என்றால் சேலம் போய்வந்தவர் போனில் இறக்கிக்கொண்டு வந்து, குயிக் ஷேரில் பக்கத்துப் போனுக்குக் கொடுப்பார். அதற்கு டேட்டா செலவே இல்லை.

ஞாயிறு மதியம் மட்டும் ஏரியைச் சுற்றி எல்லாம் படுத்துவிடும். கோடை விழா வாரத்தில் கேட்கவே வேண்டாம். டவர் அதேதான், ஆள் பல மடங்கு.

டவர்க்காரன் | நவம்பர் 6, இரவு 9.00

குரல் பதிவு ஏன் பிழைக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு நிமிடப் பதிவு 200 கேபிக்குள் அடங்கும். நாள் அளவு தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கினால்கூட அது 25 விநாடியில் போய்விடும். 360பி வீடியோ மணிக்கு 250–350 எம்பி, 720பி 1 ஜிபியைச் சுற்றி. தினம் 1.5 ஜிபி என்பது மலையில் செலவாகாது, சேலத்தில் போதாது. காசு அதே.

கூட்ட நெரிசலில் 5ஜி போன் வைத்திருப்பவர்கள் விருப்ப நெட்வொர்க்கை 4ஜிக்கும் 5ஜிக்கும் மாற்றிப் பாருங்கள், எது காலியோ அது ஓடும். 5ஜி ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் போன் ஏறி இறங்கியே சூடாகும். அங்கே 4ஜியில் நிறுத்திவிடுவது மேல்.

செல்கடை | நவம்பர் 9, ஞாயிறு, மாலை 4.10

ஏற்காடு கடைக்காரங்க யூபிஐ பத்திக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒரே இடத்துல போட்டுடறேன்.

க்யூஆர் அட்டைல பணம் வாங்க கடைக்கு நெட் வேண்டாம், வாங்க வர்றவங்க போனுக்குத்தான் வேணும். அவங்க சிம் மலைல எடுக்கலைன்னா வியாபாரம் நிக்கும். ஏரிக்கரைல பல கடைல செய்யற வழி: கடை போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, பாஸ்வேர்டை அட்டைக்குக் கீழயே எழுதி வச்சிடறாங்க. கனெக்ட் ஆகற ஆள் எண்ணிக்கைய ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸ்ல ரெண்டு மூணுக்குக் கட்டுப்படுத்துங்க. இல்லைன்னா பணம் கட்ட வந்தவங்க ரீல்ஸ் பாத்துட்டு நிப்பாங்க.

சவுண்ட்பாக்ஸுக்குள்ளயே தனி சிம் இருக்கு. கடை போனுக்கு எடுக்குது, பெட்டி பேசலைன்னா பெட்டி சிம் வேற நெட்வொர்க். பெட்டி லேட்டாப் பேசும், அதனால பெட்டி பேசலைங்கறதுக்காக ரெண்டாந்தரம் கட்டச் சொல்லாதீங்க. ஆப்ல வரவைப் பாருங்க.

பணம் போயிடுச்சு, கடைக்கு வரலைன்னா ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல போட்ட விதி: ஆளுக்கு ஆள் அனுப்பினதுன்னா மறுநாளுக்குள்ள திரும்பணும், கடைக்குக் கட்டினதுன்னா 5 நாளுக்குள்ள. தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பரிவர்த்தனை எண்ணைக் குறிச்சு வச்சு பேங்க்லயே புகார் குடுங்க.

சின்னத் தொகைக்கு யூபிஐ லைட் போட்டு வச்சுக்கங்க. தரத்துக்கு 1,000 ரூபாய் வரை, மொத்தம் 5,000 வரை போட்டு வைக்கலாம், பின் நம்பர் கேக்காது, சிக்கறது கொறைவு. புது போன்ல ஆப் பதியறப்ப "எஸ்எம்எஸ் போகலை"ன்னு நின்னா மூணைப் பாருங்க: பேங்க்ல குடுத்த நம்பர் சிம் இந்தப் போன்லயே இருக்கா, அந்த சிம்முல எஸ்எம்எஸ் அனுப்ற பேக் இருக்கா, ரெண்டு சிம் போன்னா எஸ்எம்எஸ்ஸுக்கு எந்த சிம் தேர்வாகியிருக்கு. பெரும்பாலும் மூணாவதுதான்.

இளம்பிள்ளைச்சேலை | நவம்பர் 9, இரவு 8.20

பேங்க்ல குடுத்த நம்பர்ன்னதும் ஞாபகம் வந்துச்சு. பொம்பளைங்க கணக்குல பாதி, மகன் நம்பரோ வீட்டுக்காரர் நம்பரோதான் ஏறியிருக்கும். 2023 செப்டம்பர் 15ல மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000 ரூபாய் வர ஆரம்பிச்சப்ப, பணம் ஏறின மெசேஜ் யார் போனுக்கு வருதுங்கறதே பல வீட்டுல பேச்சாச்சு. தன் பேர்ல ஒரு சிம், அதைத் தன் கணக்குல ஏத்தறது, இந்த ரெண்டும் முடிஞ்சாத்தான் அந்தப் பொம்பளை நெட்டுக்கு வந்ததாக் கணக்கு. மகன் போனை வாங்கி யூடியூப் பாக்கறது வந்ததா என்னாங்க? சர்வேல "பயன்படுத்தறாங்க"ன்னு டிக் போட்டுட்டுப் போயிடறாங்க.

செல்கடை | நவம்பர் 9, இரவு 9.35

அக்கா சொன்னதுல ரெண்டு நடைமுறை. நம்பர் மாத்த கணக்கு வச்சிருக்கறவங்களே பாஸ்புக், ஆதாரோட கிளைக்குப் போகணும், மகன் போனா ஆகாது. ஆதார்ல இருக்கற நம்பரை ஆதார் மையத்துல கைரேகை வச்சு மாத்திக்கலாம். ரெண்டும் வேற வேற வேலை, ஒண்ணு மாத்தினா இன்னொண்ணு தானா மாறாது. உங்க பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல பாக்கலாம், ஆளுக்கு 9 வரைதான். தெரியாத நம்பர் இருந்தா அங்கயே "என்னுது இல்லை"ன்னு குடுக்கலாம்.

அடுத்து ரீசார்ஜ். 28 நாள் பேக்னா வருசத்துக்கு 13 தரம், 12 இல்லை. ஓடிபி வாங்கறதுக்கு மட்டும் சிம் வச்சிருக்கற பெரியவங்களுக்கு டேட்டா பேக் எதுக்கு? 2024 டிசம்பர்ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) உத்தரவு போட்டு, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கற பேக் கட்டாயம் குடுக்கணும், 365 நாள் வரை குடுக்கலாம்னு சொல்லிடுச்சு. ஆப்ல மொதப் பக்கத்துல தெரியாது, தேடி எடுக்கணும். ரீசார்ஜை விட்டா நம்பர் போயிடும். போன நம்பர் வேற ஆளுக்குப் போகும், உங்க பேங்க் ஓடிபியும் அவருக்குப் போகும். சிம்மைக் கைவிடறதுன்னா மொதல்ல பேங்க், கேஸ், ரேஷன், ஆதார் எல்லாத்துலயும் நம்பரை மாத்திட்டு அப்புறம் விடுங்க.

பத்துமணிபஸ் | நவம்பர் 9, இரவு 9.50

என் ஓடிபி போற ஆளு நல்லவரா இருந்தா கரண்ட் பில்லையும் கட்டிடச் சொல்லுங்க.

மஞ்சக்குட்டைமேட் | நவம்பர் 14, மதியம் 1.05

நூறு நாள் வேலை வருகைப் பதிவு ஆப் பத்தி யாரும் சொல்லலை. 2023 ஜனவரி 1ல இருந்து, தனிநபர் பயனாளி வேலை தவிர, எல்லா இடத்துக்கும் கட்டாயமாச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு போட்டோ, நடுவுல 4 மணி நேரம். சிக்னல் இல்லாத இடத்துல வருகையும் மொத போட்டோவும் ஆஃப்லைன்ல எடுத்து, சிக்னல் வந்ததும் ஏத்தலாம். ஆனா அன்னைய மஸ்டர்ரோல் (வேலைக்கு வர்றவங்க வருகைப் பட்டியல்) காலைல சிக்னல் இருக்கற இடத்துலயே போன்ல இறங்கியிருக்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி ஆப்பைத் திறந்து பேர் வரிசை வந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் மேட்டுல ஏறணும். ஜிபிஎஸ் மரத்தடில லேட்டாப் புடிக்கும், வெட்டவெளில நின்னு இடம் காட்டினதுக்கு அப்புறம் போட்டோ எடுங்க. ஏத்தி முடிக்கற வரை ஆப்பை அழிக்கவோ லாக்அவுட் பண்ணவோ கூடாது, அன்னைய கூலி அதுக்குள்ளதான் இருக்கு.

எங்க பக்கம் முக்காவாசி மேட் பொம்பளைங்க. சொந்தமா போன் வாங்கினது இந்த வேலைக்குத்தான்.

ஐந்துரோடு | நவம்பர் 14, இரவு 10.15

இதைப் படிச்சப்புறம் என் வாதத்தை இப்படி மாத்திச் சொல்றேன்: விலை குறைஞ்சதால ஜனங்களை நெட்டுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தறதுக்கு மத்தவங்களுக்குத் துணிச்சல் வந்துச்சு. 1 ஜிபி 250 ரூபாயா இருந்திருந்தா வருகைப் பதிவை ஆப்ல போடுன்னு யார் சொல்லியிருப்பாங்க? விலையை முழுசா விட்டுக்குடுக்க மாட்டேன்.

செல்கடை | நவம்பர் 14, இரவு 10.40

அப்படிச் சொன்னீங்கன்னா சண்டையே இல்லைங்க. ஆனா 2024 ஜூலைல விலை ஏறுச்சே, யாராவது நெட்டை விட்டுட்டுப் போனாங்களா? ரெண்டாவது சிம்மைத்தான் விட்டாங்க.

காப்பித்தோட்டம் | நவம்பர் 23, ஞாயிறு, மாலை 5.20

வேறு கேள்வி. வாழவந்தி பக்கம் ஒரு தோட்ட வீடு. முற்றத்தில் மைனஸ் 108, வீட்டுக்குள் 119. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வைக்கலாம் என்கிறார்கள். கூரையில் ஆன்டெனா, கீழே அறையில் ரவுட்டர், நடுவில் 15 மீட்டர் கேபிள். சரிவருமா?

டவர்க்காரன் | நவம்பர் 23, இரவு 9.30

பூஸ்டர் வேண்டாம். உரிமம் இல்லாமல் தனியார் வைப்பது சட்டவிரோதம். சுற்றுவட்டாரத்து டவருக்கே இரைச்சலைத் திருப்பி அனுப்பும், தேடி வந்து கழற்றிப் போவார்கள்.

நீங்கள் சொன்ன அமைப்பில் கேபிள்தான் கெடுக்கும். சாதா ஆர்ஜி58 கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு 7–9 டிபி விழுங்கும். ஆன்டெனா சேர்த்துத் தருவதே 10–11 டிபிதான். 15 மீட்டரில் கைக்காசும் போய்விடும். தலைகீழாகச் செய்யுங்கள். ஆன்டெனா மாட்டும் துளை உள்ள 4ஜி ரவுட்டரைக் கூரைக்குக் கீழே, மழை படாத பெட்டியில் வையுங்கள். ஆன்டெனா கேபிள் ஒரு மீட்டருக்குள். அங்கிருந்து வீட்டுக்குள் ஈத்தர்நெட் கேபிள் இழுங்கள், அது 100 மீட்டர் வரை குறையாமல் வரும். ஆன்டெனா இரண்டு வேண்டும், ஒன்று இடப்பக்கம் 45 பாகை, மற்றது வலப்பக்கம் 45 பாகை சாய்த்து. இரண்டும் ஒரே டவரைப் பார்க்க வேண்டும்.

திருப்பும்போது ரவுட்டர் பக்கத்தில் எஸ்ஐஎன்ஆர் எண்ணைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள், டிபிஎம்மை அல்ல. பத்துப் பாகை திருப்பி ஒரு நிமிடம் பொறுத்து எண்ணைக் குறியுங்கள். வாங்கும் முன்பு அந்த முற்றத்தில் மூன்று கம்பெனி சிம்மையும் ஒரே போனில் மாற்றிப் போட்டு அளந்துவிடுங்கள், எது நல்ல எண் தருகிறதோ அதன் அலைவரிசைக்கு ஏற்ற ஆன்டெனா. 700க்கு ஆனதும் 2300க்கு ஆனதும் ஒன்றல்ல.

போனில் வைஃபை காலிங் போட்டுவிட்டால் பேச்சும் அதிலேயே ஓடும். சித்திரை, வைகாசி இடி மழைக்கு ஆன்டெனா கம்பத்தைத் தனியாகப் பூமியில் இறக்கி எர்த் போடுங்கள். இடி கேட்டதும் ரவுட்டர் பிளக்கையும் ஈத்தர்நெட்டையும் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

காப்பித்தோட்டம் | நவம்பர் 23, இரவு 10.00

ரவுட்டர் பெட்டி ஓட்டுக்குக் கீழே என்றால் வெயிலில் சூடாகாதா?

டவர்க்காரன் | நவம்பர் 23, இரவு 10.10

ஏற்காட்டில் வெயிலைவிட ஈரம்தான் பகை. பெட்டியின் அடிப்பக்கம் இரண்டு சின்ன ஓட்டை போட்டுக் கொசுவலை ஒட்டுங்கள். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் கீழ்ப்பக்கம் ஒரு வளையம் தொங்கவிட்டு அப்புறம் மேலே ஏற்றுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.